வெயிலில் தசை ஏன் இழுக்கிறது: வயலில் நிற்பவர்களுக்கான தண்ணீர், உப்புக் கணக்கு

தாகம் எடுக்கும் நேரத்தில் உடம்பு ஏற்கெனவே தண்ணீரில் பின்தங்கியிருக்கும். அதைத் தசை முதலில் காட்டிக்கொடுக்கும். காலையில் அலட்சியமாகத் தூக்கிய மூட்டை பதினொரு மணிக்குக் கனக்கும். நாற்று முடியைப் பிரிக்கும் விரல்கள் சொன்னபடி கேட்காது. சேற்றிலிருந்து காலை உருவும்போது கெண்டைக்கால் தானாகத் துடிக்கும். அந்தத் துடிப்பு வந்த பிறகும் அரை மணி நேரம் வேலையை இழுத்துக்கொண்டு போனால் அதே கால் கல்லாக இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

மே மாதம் 4 முதல் 28 வரை கத்திரி வெயில். திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பருத்தி எடுப்பு, செங்கல் சூளை, நூறு நாள் வேலையில் குளம் வெட்டுதல், வேதாரண்யத்தில் உப்பளம் எல்லாம் இந்த நாட்களில்தான் நடக்கின்றன. ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவை நடவும் சேர்ந்துகொள்ளும். திருச்சிப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் காற்று காய்ந்திருக்கும். கடலோரத்தில் டிகிரி சற்றுக் குறைவாக இருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது ஆவியாகும்போதுதான். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் தண்ணீரும் உப்பும் போகுமே தவிர சூடு இறங்காது. ஆகவே நாகப்பட்டினத்து 36 டிகிரியைத் திருச்சியின் 40 டிகிரியைவிட லேசானது என்று எண்ண வேண்டாம். நீர் நிற்கும் வயலில் குனிந்து நடுபவர்களுக்கு முகத்துக்கு நேர் கீழிருந்தும் அந்த ஈரம் ஏறுகிறது.

தசைக்குள் நடப்பது

தசையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். வியர்வைக்கான நீரை உடம்பு முதலில் இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து எடுக்கிறது. இரத்தத்தின் அளவு குறைந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளும் இரத்தமும் குறையும். அதை ஈடுகட்ட வேகமாகத் துடிக்க வேண்டும். உடல் எடையில் ஒரு சதவீத நீர் குறைந்தால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து வரை கூடும். அதே நேரத்தில் தோலும் சூட்டை வெளியேற்ற இரத்தம் கேட்கிறது. தோலுக்கும் தசைக்கும் நடக்கும் இந்த இழுபறியில் தசைக்குப் பங்கு குறைகிறது. பிராணவாயு குறைவாகக் கிடைத்த தசை, தன்னிடம் சேமித்திருக்கும் மாவுச்சத்தை வழக்கத்தைவிட வேகமாகக் கரைக்கிறது. காலையில் சாப்பிடாமல் வந்தவர் சீக்கிரம் தளர்வதற்குக் காரணம் இது.

60 கிலோ எடையுள்ளவருக்கு 1.2 லிட்டர் குறைந்தால் அது இரண்டு சதவீதம். நீடித்து உழைக்கும் திறன் இந்த இடத்திலிருந்து தெளிவாக இறங்கத் தொடங்கும். ஒரே மூச்சில் மூட்டையைத் தூக்கும் பலம் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்: தூக்க முடிகிறது, ஆனால் தொடர்ந்து தூக்க முடிவதில்லை.

இழுப்புக்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. வியர்வையோடு சோடியம் போகிறது. தசைநார்களையும் அவற்றைத் தூண்டும் நரம்பு முனைகளையும் சூழ்ந்திருக்கும் நீர் வற்றுகிறது. நரம்பு முனைகள் காரணமில்லாமல் தூண்டப்படுகின்றன. மற்றொன்று களைப்பு. ஒரே தசையை மணிக்கணக்கில் வேலை வாங்கும்போது, சுருங்கச் சொல்லும் கட்டளை ஓங்கித் தளரச் சொல்லும் கட்டளை அடங்கிவிடுகிறது. எது பெரிய காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வயலில் நிற்பவர் இரண்டையும் கவனித்தால் போதும். உப்போடு நீர் கொடுங்கள், தசைக்கு ஓய்வு கொடுங்கள்.

பிடிப்பு வரும் இடமும் வேலையைப் பொறுத்தது. நடவு நடுபவருக்குக் கெண்டைக்கால், தொடையின் பின்பக்கம், இடுப்பு. பருத்தி எடுப்பவருக்கு விரல், முன்கை. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை சுமப்பவருக்குத் தொடை, வயிற்றுத் தசை. கோடைக் கபடிப் போட்டியில் இரண்டாவது பாதியில் சுருண்டு விழும் பையனுக்கும் நடப்பது இதுவேதான்.

எவ்வளவு போகிறது என்று அளந்து பாருங்கள்

வெயிலில் கடும் வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வியர்க்கும். ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரியது என்பதால் ஒரே ஒரு நாளாவது எடை போட்டுப் பார்ப்பது நல்லது. கொள்முதல் நிலையத்தில் வேலை செய்பவர்களுக்கு மின்னணுத் தராசு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மற்றவர்களுக்கு ஊர் மளிகைக் கடையோ துணை சுகாதார நிலையமோ இருக்கும். வேலைக்கு முன், சிறுநீர் கழித்த பிறகு நில்லுங்கள். வேலை முடிந்ததும் உடம்பைத் துடைத்துக்கொண்டு, அதே அளவு துணியில், சேறும் ஈரமும் இல்லாமல் நில்லுங்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்றால் கணக்கு பொய்யாகும்.

ஒரு எடுத்துக்காட்டு. காலையில் 60 கிலோ, ஐந்து மணி நேரம் கழித்து 58.2 கிலோ. இடையில் குடித்தது ஒன்றரை லிட்டர். குறைந்த 1.8 கிலோவையும் குடித்த 1.5 லிட்டரையும் கூட்டினால் போன வியர்வை 3.3 லிட்டர், மணிக்கு ஏறக்குறைய 650 மில்லி. இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இவர் மூன்று சதவீதம் வறண்டுவிட்டார். வியர்வையில் லிட்டருக்குச் சராசரியாக 2 முதல் 3 கிராம் உப்பு போகும் என்று வைத்தால், இவர் இழந்த உப்பு 7 முதல் 10 கிராம். அதாவது தட்டையாக வழித்த ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி. சிலருக்கு இதைவிட அதிகமாகவே போகும். சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூப்பவர்கள், வியர்வை கண்ணில் பட்டால் எரிகிறவர்கள் அந்த வகை. அடிக்கடி பிடிப்பு வருவதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

தராசு இல்லாவிட்டால் சிறுநீர் நிறம். வைக்கோல் நிறத்தில் வெளிறியிருந்தால் சரி. அடர் மஞ்சளாகி, அளவும் குறைந்திருந்தால் வறட்சி. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் எப்படியும் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். அவர்கள் நிறத்தை நம்பாமல் அளவைப் பார்க்க வேண்டும்.

என்ன குடிப்பது

முதல் ஒரு மணி நேரத்துக்கு வெறும் தண்ணீர் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் வேலையில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது தவறு. வியர்வையில் போன உப்பை ஈடுகட்டாமல் தண்ணீர் மட்டும் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குடித்த தண்ணீரில் பெரும்பகுதி சிறுநீராக வெளியேறும், பிடிப்பும் நிற்காது. சில மணி நேரத்தில் ஐந்தாறு லிட்டர் வெறும் தண்ணீர் குடித்தவருக்குத் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் வந்தால் அது ஆபத்து. அவருக்கு மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நீர்மோர் இந்த மண்ணின் முதல் தேர்வு. பத்துப் பேருக்கு ஒரு லிட்டர் தயிரை நன்றாகக் கடைந்து நான்கு லிட்டர் தண்ணீர் விட்டு, தட்டையாக வழித்த இரண்டு தேக்கரண்டி உப்பு சேர்க்கவும். இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி தட்டிப் போடலாம். பச்சை மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள், காரம் ஏறினால் யாரும் இரண்டாவது டம்ளர் கேட்கமாட்டார்கள். லிட்டருக்கு 2 கிராம் உப்பு என்ற இந்த அளவு வியர்வை இழப்புக்கு ஏறக்குறைய ஈடாகும். மண்பானையிலோ எவர்சில்வர் தூக்கிலோ எடுத்துச் செல்லுங்கள். ஈயம் பூசாத பித்தளையில் மோர் வைக்கக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைத்து வாந்தி உண்டாக்கும். பானை நிழலில் இருக்க வேண்டும், மதியத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும்.

நீராகாரத்தைக் காலையில், வேலை தொடங்க ஒரு மணி நேரம் முன்பு, பழைய சோற்றோடு குடிப்பது சிறந்தது. நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே கிண்ணத்தில் கிடைத்துவிடுகின்றன. உப்புப் போடாமல் குடித்தால் அதன் பாதிப் பயன் போய்விடும்.

உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு: ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தட்டையான ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தட்டையான அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு பழம். குவித்து அள்ளினால் உப்பு இரண்டு பங்காகிவிடும். வாயில் விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. சர்க்கரை இங்கே ருசிக்காக மட்டும் இல்லை. குடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகத்தான் உள்ளே இழுக்கப்படுகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கு. அதில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கின்றன. நடக்கும் பிழைகள் எப்போதும் ஒன்றே. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் கரைசல் இரண்டு மடங்கு அடர்த்தியாகி, குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து குடலுக்குள் இழுத்துவிடும், வயிறு கலங்கும். இரண்டு லிட்டரில் கரைத்தால் பயன் பாதியாகும். கூடச் சர்க்கரை சேர்க்காதீர்கள், கலக்கிய பிறகு கொதிக்கவைக்காதீர்கள், 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வாங்கும்போது பொட்டலத்தில் இந்தச் சேர்மான அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் தாங்கி வந்த இனிப்புப் பானங்கள் சர்க்கரைத் தண்ணீர்தான். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவை அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது.

இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீர் நல்லது, ஆனால் அது மட்டும் போதாது; உப்புள்ள சாப்பாட்டோடு சேர்ந்து வர வேண்டும். பானகம், நன்னாரி சர்பத்துக்கும் இதையே சொல்லலாம். டீ இரண்டு வேளை குடிப்பதால் உடம்பு வறளாது. முந்தைய இரவு மது குடித்தவர் மட்டும் காலையிலேயே குறையோடுதான் வயலில் இறங்குகிறார். சிறுநீரைத் தடுத்து வைக்கும் சுரப்பை மது அடக்கிவிடுகிறது.

கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருப்பதால் உப்பு தனியாக வேண்டாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. அந்த உவர்ப்பின் அளவும் சேர்மானமும் நம் கையில் இல்லை. உவர்ப்பான தண்ணீரை யாரும் போதுமான அளவு குடிப்பதும் இல்லை. குடிக்க நல்ல தண்ணீரைத் தனியாகக் கொண்டுபோங்கள்.

எப்போது, எவ்வளவு

வேலை ஆறு மணிக்கு என்றால் நான்கரை, ஐந்து மணிக்குள் அரை லிட்டர் குடித்துவிடுங்கள். பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி. முதல் மணி நேரம் தண்ணீர்; அதன் பிறகு ஒரு முறை தண்ணீர், ஒரு முறை மோர் அல்லது கரைசல். எவ்வளவு வியர்த்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், வயிறு ஏற்காது.

பத்துப் பேர், ஐந்து மணி நேரம், ஆளுக்கு மணிக்கு 750 மில்லி என்றால் 37.5 லிட்டர். மோரையும் சேர்த்து இரண்டு 20 லிட்டர் கேன் அளவு. ஆட்களை அழைத்து வருபவரும் நிலத்துக்காரரும் இதைக் கூலியைப் போலவே முன்கூட்டிப் பேசி முடிவு செய்ய வேண்டும். கேன் மேட்டுத் தெருவில் நின்றால் யாரும் போய்க் குடிக்கமாட்டார்கள். நடவு போய் முட்டும் வரப்பில் வையுங்கள், ஈரச் சாக்கைச் சுற்றி. "இந்த ஒரு மா முடியட்டும்க்கா, அப்புறம் குடிச்சுக்கலாம்" என்பதில்தான் பல கால்கள் பிடித்துக்கொள்கின்றன. நேரம் பார்த்துக் குரல் கொடுக்க ஒருவரை ஒதுக்குங்கள்.

பெண்கள் விஷயத்தில் தண்ணீர் வைப்பது மட்டும் போதாது. ஒதுங்க இடமில்லாத வயல்வெளியில் சிறுநீரை அடக்க வேண்டியிருக்குமே என்று வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பவர்கள் ஏராளம். இதற்கு அறிவுரை மருந்தாகாது. நான்கு மூங்கில், ஒரு படுதா, ஒரு வாளித் தண்ணீர், ஒரு குவளை போதும். களத்து மேட்டிலோ வாய்க்கால் கரைக்கு அப்பாலோ மறைப்பு கட்டிவிடலாம். என் கருத்தில் இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லா ஏற்பாடுகளிலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். இது இல்லாத வயலில் இரண்டு கேன் தண்ணீரும் மாலையில் அப்படியே திரும்பி வரும்.

வேலை முடிந்ததும் குறைந்த எடையைப் போல ஒன்றரை மடங்கு குடிக்க வேண்டும். 1.8 கிலோ குறைந்தவருக்கு 2.7 லிட்டர், நான்கைந்து மணி நேரத்தில் பிரித்து. ரசம், சாம்பார், மோர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துவிட்டுப் படுத்தவரைத்தான் இரவு இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் பிடித்து எழுப்பும்.

பழகாத உடம்பு

சென்னையிலோ திருப்பூரிலோ இருந்துவிட்டுக் கோடையில் ஊருக்கு வந்து முதல் நாளே முழு வேலையில் இறங்குபவருக்கு ஆபத்து அதிகம். வெயிலுக்கு உடம்பு பழக ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். புதியவருக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டுங்கள். முன்பு பழகியிருந்து இடைவெளி விட்டவருக்கு முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழு வேலை. தளர்ந்த பருத்திச் சட்டை, தலையில் நனைத்த துண்டு எல்லாருக்கும் பொது.

பிடித்துக்கொண்டால்

வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு நிழலுக்கு வாருங்கள். கெண்டைக்கால் என்றால் காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முழங்காலை மடக்காமல் பாதத்தை மெதுவாகத் தன்பக்கம் இழுக்கவும். 20 முதல் 30 வினாடி, மூன்று முறை. நீட்டும்போது தசைநாணில் உள்ள உணரிகள் சுருங்கும் கட்டளையை அடக்குகின்றன. உடனடிப் பலன் அதனால்தான். தொடையின் பின்பக்கம் என்றால் மல்லாந்து படுத்து, காலை நேராக வேறொருவர் உயர்த்திப் பிடிக்க வேண்டும். முன்பக்கம் என்றால் முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பின்னால் கொண்டுவரவும். விரல் என்றால் மற்றக் கையால் விரித்து நீட்டவும். வயிற்றுத் தசை என்றால் மல்லாந்து படுத்துக் கைகளைத் தலைக்கு மேல் நீட்டி மெதுவாக மூச்சு விட வேண்டும், அமுக்கக் கூடாது.

வெடுக்கென்று இழுப்பது, குத்துவது, ஆளை ஏறி மிதிக்கச் சொல்வது எல்லாம் தசைநாரைக் கிழிக்கும். தைலம் தேய்ப்பது பிறகு ஆகட்டும். கைப்பிடி உப்பை அப்படியே விழுங்குவதும் வேண்டாம். வாந்தி வந்து இருக்கிற நீரும் போகும். பிடிப்பு விட்டதும் அரை லிட்டர் ஓ.ஆர்.எஸ். அல்லது உப்பு மோரை 15, 20 நிமிடத்தில் சிறிது சிறிதாகக் குடிக்கவும். அடுத்த சில மணி நேரம் கடும் வேலை கூடாது. விட்ட தசை மறுபடி எளிதில் பிடிக்கும். ஒரு மணி நேரமாகியும் விடாவிட்டால், அல்லது இதய நோயாளியாகவோ உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவராகவோ இருந்தால், மருத்துவரிடம் போக வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் கத்திரி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து, எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுகள் அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

வலி ஊசி பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உடம்பு வறண்டிருக்கும்போது டைக்ளோஃபெனாக் ஊசியோ இபுப்ரோஃபென் மாத்திரையோ எடுத்தால், ஏற்கெனவே குறைந்திருக்கும் சிறுநீரக இரத்த ஓட்டம் மேலும் குறையும். வெயிலில் நொந்த தசைநார்கள் உடைந்து அவற்றின் நிறப்புரதம் இரத்தத்தில் கலந்திருந்தால், சிறுநீரகமே நின்றுபோகலாம். அந்த உடைவின் அடையாளங்கள் வேலை செய்த அன்றோ அடுத்த ஒன்றிரண்டு நாளிலோ தெரியும். செய்த வேலைக்குப் பொருந்தாத கடும் வலி, தசை வீக்கம், உட்கார்ந்து எழ முடியாத தளர்ச்சி, பால் ஊற்றாத டீ நிறத்தில் சிறுநீர். நான்கும் சேர்ந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர் அந்த நிறத்துக்கு மாறினாலே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எங்கே பக்கமோ அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே போங்கள். வெயிலில் வேலை செய்ததையும் எடுத்த வலி மருந்தையும் சொல்லுங்கள். இரத்தத்தில் தசை உடைவைக் காட்டும் சி.பி.கே., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்ப்பார்கள்; சீக்கிரம் போனால் சிரைவழி உப்பு நீரிலேயே பெரும்பாலும் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம்.

பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால், வலிப்பு வந்தால், மயங்கி விழுந்தால் அது வெப்ப வாதம். உடம்பு வியர்த்திருந்தாலும் வெப்ப வாதம்தான். 108-க்கு ஒருவர் பேசட்டும். மற்றவர்கள் வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். பக்கத்தில் பம்ப்செட் ஓடினால் குழாய்க்குக் கீழோ தொட்டியிலோ கழுத்துவரை நனையும்படி, தலையைத் தாங்கிப் பிடித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் குடம் குடமாக ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வண்டியில் ஏற்றிய பிறகும் ஈரத்துணியை எடுக்க வேண்டாம்.